ஐப்பசி அருவிகள்: வாசகர் கேள்வியும் செங்கோட்டை பதிலும்

போன இதழில், தோழியோடு காரில் ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை போய் வந்ததைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் செங்கோட்டைக்காரி, தபால் ஆபீஸ் வேலையை முடித்து ஓய்வில் இருப்பவள். தோழி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், புனலூரில் வாழ்க்கைப்பட்டவள். வருஷா வருஷம் ஐப்பசியில் நாங்கள் இருவரும் எங்காவது மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம்.

கேள்வி: அக்கா, நானும் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் லீவு கிடைக்காமல் குற்றால சீசனைக் கோட்டை விட்டோம். ஐப்பசியில்தான் இரண்டு நாள் கிடைக்கும் போலிருக்கிறது. சொந்தக் கார் உண்டு. அப்போது வந்தால் பார்க்க என்ன இருக்கும்? எந்த வழியாகப் போகலாம்? – வாசகி, விருதுநகர்

சீசன் போனதற்கு வருத்தப்படாதீர்கள் தங்கச்சி. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பாதி நேரம் அருவிக்கரையில் வரிசையில் நிற்கிறார்கள், மீதி நேரம் கார் நிறுத்த இடம் தேடுகிறார்கள். உடம்பு நனையும், அவ்வளவுதான். மலையைப் பார்க்க ஐப்பசிதான் தோது. அதுவும் குற்றாலத்தோடு நின்றுவிடாமல் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி மேற்கே, கேரளப் பக்கம் இறங்க வேண்டும்.

முதலில் வானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான். ஜூனில் தொடங்குவது மேற்கேயிருந்து கணவாய் வழியாக நம் பக்கம் நுழையும் சாரல். நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், மலை பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே இருக்கும். ஐப்பசி மழையின் குணம் வேறு. அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வெயில் அடிக்கும், மலையின் மடிப்புகூடத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் உச்சியில் மேகம் சேர ஆரம்பிக்கும். மத்தியானம் இரண்டு, மூன்று மணி வாக்கில் இடி மின்னலோடு கொட்டும், சில நாள் ராத்திரி வரை நீளும். ஆகவே விடிந்ததும் கிளம்புங்கள், பார்க்க வேண்டியதை ஒரு மணிக்குள் பார்த்து முடியுங்கள், அப்புறம் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து மழையைப் பாருங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக முதல் நாள் சாயங்காலமே தென்காசிக்கோ செங்கோட்டைக்கோ வந்து தங்கிவிடுங்கள். மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பினால் புளியரையில் வயல்காட்டு வேலை கண்ணில் படும். கார் போக நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு உழவும் நாற்றங்காலும் நடக்கிற நேரம் அது. வயலுக்குப் பின்னாலேயே மலை எழும்பி நிற்கும்.

புளியரை தாண்டியதும் எஸ் வளைவு. போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளாவுக்கு ஏறுகிற பாதை அது. நாங்கள் போனபோது ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி, கயிற்றைத் தாண்டித் தொங்கியது. வளைவில் திரும்பும்போது பாறையில் உரசி, ஒரு கைப்பிடி வைக்கோல் பறந்து வந்து என் வைப்பரில் சிக்கிக்கொண்டது. ஹாரன் அடிக்கக் கையை வைத்தேன். “ஏட்டி, அவன் என்ன பறக்கவா முடியும்? சும்மா வா” என்றாள் தோழி. சரி என்று இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டே போனோம். ஈர வைக்கோல் வாசனை கோட்டைவாசல் வரை கூடவே வந்தது. அங்கே கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் லாரிக்காரர்கள் மலையைக் கடப்பார்கள். நாங்களும் அப்படித்தான்.

அந்தப் பக்கம் பாஷைக்குப் பயப்பட வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. இங்கே பல குடும்பங்களுக்கு மலையின் இரண்டு பக்கமும் சம்பந்தம் உண்டு. ஆரியங்காவில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும்.

இனிதான் விஷயமே. ஆரியங்காவிலிருந்து கழுதுருட்டி வரை ரோட்டோரத்துப் பாறைகளில் ஐப்பசி மாதம் எங்கே பார்த்தாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். இந்த அருவிகளுக்குப் பெயரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. சித்திரையில் அதே பாறையைப் பார்த்தால் கறுப்பாக ஒரு கறை மட்டும் இருக்கும். வண்டியை ஓரம் கட்ட அகலமான இடம் பார்த்து நாங்கள் நின்றது அப்படி ஓர் அருவிக்கு எதிரில். இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். தண்ணீர் நேராக விழவில்லை. பாறையில் இருந்த ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பெரணிச் செடி மேல் தெறித்து, பாசியில் வழிந்து, ரோட்டுக்கு அடியில் இருக்கிற குழாய்க்குள் போய்விட்டது. ஒவ்வொரு சொட்டுக்கும் பெரணி இலை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. தோழி இட்லி டப்பாவைத் திறந்தாள். காரின் பானெட் மேல் வைத்துச் சாப்பிட்டோம். அன்றைக்குப் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த அருவி அதுதான். பாலருவியைப் பார்த்த பிறகும் இதைத்தான் சொல்கிறேன்.

கழுதுருட்டி தாண்டினால் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பதின்மூன்று கண் ரயில் பாலம், நடுவில் நீங்கள். பிறகு தென்மலை. கல்லடை ஆற்று அணையில் செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துப் படகு உண்டு, மழை மிரட்டாத காலைப்பொழுதில் ஏறுங்கள். நேரம் இருந்தால் இடது பக்கம் திரும்பிக் குளத்தூப்புழை போகலாம். பாலகனாக இருக்கும் சாஸ்தா, கோவிலை ஒட்டி ஓடும் ஆறு, அதில் கூட்டம் கூட்டமாகப் பெரிய மீன்கள். மீனுக்குப் பொரி போடுவதுதான் அங்கே வழிபாடு, மீனூட்டு என்பார்கள். யாரும் அந்த மீனைப் பிடிப்பதில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்தால் பாதத்தை வந்து முட்டும். நேரம் போவதே தெரியாது.

கார்த்திகை முதல் தேதிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இந்தப் பாதையை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அருவிக்கு வந்துவிட்டுக் குளிக்காமல் போக மனசு கேட்பதில்லை. குளிக்கத் தடை என்று சொன்ன பிறகும் ஓரமாக நின்று குளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவ்வளவு ஆபத்தா? – வாசகர், சிவகாசி

ஆபத்துதான் தம்பி. ஓரம், நடு என்றெல்லாம் வெள்ளத்துக்குத் தெரியாது.

குற்றாலம் மெயின் அருவியில் உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்று பாறைக்குள் ஒரு பெரிய குழி. அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் சாதாரண நாளில் அடியில் நிற்க முடிகிறது. மலையில் கனமழை பெய்தால் அந்தக் குழியால் வேகத்தைத் தாங்க முடியாது. தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டும், கூடவே கல்லும் கட்டையும் வரும்.

இன்னொன்று, மழை பெய்வது உங்கள் தலைக்கு மேல் இல்லை. அருவிக்குத் தண்ணீர் அனுப்புகிற காடு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கீழே வெயில் அடிக்கும்போதே அங்கே கொட்டி முடிந்திருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். சீசன்கூட இல்லை, கோடை மழை.

தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் கூடுதலாக வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், போனைத் தேடிக்கொண்டும் நிற்காதீர்கள். ஐப்பசியில் நான் அருவியைப் பார்க்கத்தான் போகிறேன். குளியல், ரூமில் வெந்நீரில்.

கேள்வி: பாலருவி, கும்பாவுருட்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போகலாம்? – வாசகர், கடையநல்லூர்

பாலருவி. ஏறக்குறைய 300 அடி உயரம், தூரத்திலிருந்தே முழுசாகத் தெரியும். பக்கத்தில் ராஜா காலத்துக் குதிரை லாயத்தின் இடிபாடும் கல்மண்டபமும் இருக்கின்றன. திருவிதாங்கூர் அரச குடும்பம் வந்து குளித்த இடம். ஆரியங்காவில் மெயின் ரோட்டிலிருந்து திரும்பினால் வனத்துறை வாசல், அங்கே காரை விட்டுவிட்டு அவர்களுடைய வண்டியில் காட்டுக்குள் போக வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றினாலும் மூடுவார்கள், வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள். அதனால் செங்கோட்டையிலேயே யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள்.

கும்பாவுருட்டி அச்சன்கோவில் பாதையில், மேக்கரை வழியாகப் போகிற இடம். அந்தப் பாதை அழகு, மறுக்கவில்லை. ஆனால் யானை நடமாட்டம் உள்ள காடு, இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். நேரம் குறைவு என்று சொல்கிறவர்களுக்கு அது சரிப்படாது. இரண்டு இடத்திலும் அட்டை உண்டு. உப்பை ஒரு துணியில் முடிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டாலே விழுந்துவிடும்.

கேள்வி: “ரெண்டு பொம்பளைங்க தனியா மலைப்பாதையில காரா?” என்கிறார் என் கணவர். பத்து வருஷமாக ஓட்டுகிறேன், மலையில் மட்டும் ஓட்டியதில்லை. என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வைப்பது? – வாசகி, கோவில்பட்டி

அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு வழி தெரியாது அம்மா, வண்டியைச் சம்மதிக்க வைக்கச் சொல்லித் தருகிறேன். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் ஏறின இடத்தில் இரண்டாவதிலேயே இறங்க வேண்டும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று யாராவது நியூட்ரலில் இறங்கச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிக் கருகின வாடை வரும், அப்புறம் பிடிக்காது. எதிரில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது இறங்குகிறவர் பொறுப்பு, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மூடுபனியில் ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இருட்டின பிறகு கணவாயைக் கடக்க வேண்டாம். இது பெண்களுக்கு மட்டும் சொல்வதில்லை, எல்லாருக்கும்தான். வாடகைக் கார் என்றால் பெர்மிட், வரி விவரத்தைக் கிளம்பும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள், செக்போஸ்ட்டில் கேட்டு என்ன பிரயோஜனம்?

கணவாய் ரோடு உங்கள் கணவர் நினைக்கிற மாதிரி ஆளில்லாத காடும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை, பகல் முழுக்க பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டே இருக்கும்.

கூட வருகிற தோழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அதுதான் முக்கியம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு “ஐயோ” என்கிறவர் வேண்டாம். நாள் முழுக்கப் பேசுகிறவரும் வேண்டாம். என் தோழி தூங்குவாள் என்பதுதான் என் ஒரே குறை. அப்போது நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவிலிருந்து அக்டோபரில் மலை முழுக்க இலை சிவந்திருக்கும் போட்டோக்களை அனுப்புகிறான். நம் பக்கம் அப்படி எங்காவது உண்டா? – வாசகர், பாளையங்கோட்டை

அக்டோபரில் கிடையாது ஐயா. அங்கே குளிரும் பகல் குறைவதும் இலையை உதிர்க்கின்றன. நம் பக்கம் மரம் இலையை உதிர்ப்பது பெரும்பாலும் ஈரம் குறைந்த பிறகுதான், ஐப்பசியில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? அப்போது எல்லாம் ஒரே பச்சை. ரப்பர் மரத்தில்கூட வெட்டுக்குக் கீழே சிரட்டை, வெட்டுக்கு மேலே மழைத் தண்ணீர் இறங்காமல் சுற்றின பிளாஸ்டிக் தாள் என்று மழைக்காலத்து வேலைதான் நடக்கும்.

சிவப்பு பார்த்தே ஆக வேண்டும் என்றால் மார்கழிக் கடைசி, தை மாதம் இதே புனலூர் ரோட்டில் போங்கள். ரப்பர் தோட்டங்கள் மஞ்சளும் செம்பு நிறமுமாகி மொத்தமாக உதிரும். நடந்தால் சருகு நொறுங்கும். மகனுக்கு அனுப்பப் போட்டோ அப்போது எடுக்கலாம்.

கேள்வி: எனக்குக் கார் இல்லை. ரயிலில் போனால் இதெல்லாம் தெரியுமா? – வாசகி, அருப்புக்கோட்டை

நன்றாகவே தெரியும். சொல்லப் போனால் பதின்மூன்று கண் பாலத்தை ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், நீங்கள் அதன் மேலேயே போகலாம். கொல்லம் – செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. மலைப்பகுதியில் 2010-ல் அதை நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2018-ல்தான் திரும்பத் திறந்தார்கள். நடுவில் அத்தனை வருஷம் எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து மேற்கே போக வழியில்லாமல் எல்லாரும் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போனோம்.

பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். குகைக்கு முன்னால் வெயில், வெளியே வந்தால் மழை என்று நான் பார்த்திருக்கிறேன். ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஓர் எஞ்சின் சேர்த்துத் தள்ளுவார்கள், வேகம் குறைவு, ஆகவே ஜன்னலோரம் கிடைத்தால் யோகம். பாலருவி எக்ஸ்பிரஸில் மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், அது மலையை ராத்திரியில் கடக்கும். பகல் வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது சென்னை. தென்காசி ரொம்ப தூரம். பக்கத்தில் ஆந்திர எல்லையில் இந்த மாதிரி எதுவும் இல்லையா? – வாசகர், அம்பத்தூர்

இருக்கிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் போகிற வழியில் கைலாசகோனா. சின்ன அருவி, வருஷம் முழுக்கத் தண்ணீர் வரும், பக்கத்திலேயே சிவன் கோவில். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பெரிதாக வேண்டும் என்றால் தலகோனா, திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 270 அடி. அந்தப் பக்கத்து மலைகளில் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்யும், ஆகவே ஐப்பசியைவிடக் கார்த்திகை நல்லது. மழை பெய்து இரண்டு, மூன்று நாள் கழித்துப் போங்கள். மேலே சொன்ன எச்சரிக்கை அங்கேயும் அப்படியே பொருந்தும். எனக்கு அந்த மலைகளோடு பழக்கம் கம்மி, ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எட்டிப் பார்த்ததோடு சரி.

கேள்வி: எல்லாம் சொன்னீர்கள், பார்டர் பரோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! எந்தக் கடை? – வாசகர், சாத்தூர்

கடைப் பெயரைப் போட்டால் மற்ற கடைக்காரர்கள் எனக்குச் சால்னா ஊற்ற மாட்டார்கள். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் இறங்கி, கல்லில் பரோட்டா விழுந்துகொண்டே இருக்கிற கடையாகப் பாருங்கள், அடுக்கி வைத்திருக்கிற கடைக்குள் நுழையாதீர்கள். நாட்டுக்கோழி மிளகு போட்டது கேளுங்கள். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. தோழி அசைவம் தொடமாட்டாள், அதனால் நாங்கள் மலைக்கு அந்தப் பக்கமே கட்டன் சாயாவும் பழம்பொரியும், பசி இருந்தால் வேகவைத்த கிழங்கும் சம்மந்தித் துவையலும் வாங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து நான் மட்டும் பரோட்டா சாப்பிடுவேன். இலையில் வைத்ததும் சால்னாவை மொத்தமாக ஊற்ற வருவார்கள், விடாதீர்கள், மொறுமொறுப்பு போய்விடும். தனியாகக் கிண்ணத்தில் கேளுங்கள், கொடுப்பார்கள்.